வீட்டைச் செப்பனிடுவதா, வேறிடம் பெயர்வதா?

மழைக்காலம் வந்துவிட்டால் நெசவாளர் இல்லங்களில் ஒரு கேள்வி எழுவது வழக்கம். இருக்கும் வீட்டைச் செப்பனிட்டுக்கொள்வதா, அதை விற்று வேறிடம் பெயர்வதா என்பதே அது. ஆய்வுப் பணியாகத் திருப்பருத்திக்குன்றம் சென்றிருந்தபோது அங்கத்தினர் ஒருவர் இதை என்னிடம் கேட்டார். அவர் வீட்டுத் தறிக்குழியில் முழங்காலளவு நீர் நின்றது. பல நாட்களாகத் தறி ஓய்ந்திருந்தது, கூலியும் நின்றிருந்தது.

"ஐயா, ஊருக்கு வெளியே மனை பார்த்துத் தருவதாக மைத்துனர் சொல்லுகிறார். இதை விற்றுவிடலாமா?" என்றார் அவர். "அங்கே பாவு நீட்ட யார் வருவார்கள் என்று கேளுங்கள்" என்றார் அவர் மனைவியார். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது.

நெசவாளனுக்கு வீடு என்பது உறங்குமிடம் மட்டுமன்று, தொழிற்கூடமும் ஆகும். குழித்தறிக்குக் கெட்டியான தரை வேண்டும். தறியின் மேலேறி நிற்கும் ஜக்கார்டு பெட்டிக்குப் போதிய உயரம் வேண்டும். கோர்வைச் சேலைக்கு இருவர் கை வேண்டும். பாவு நீட்டத் தெருவும் அண்டை வீட்டாரும் வேண்டும். இவற்றை எந்தக் கிரயப் பத்திரத்திலும் எழுதுவதில்லை. விற்பவன் இவற்றையும் சேர்த்தே விடுகிறான்.

ஆதலின் முதலில் நீர் வரும் வழியை அறிதல் வேண்டும். கூரையிலிருந்து ஒழுகும் நீரை ஓடு மாற்றித் தடுக்கலாம். தெருவிலிருந்து புகும் நீரை வடிகாலாலும், தரையை உயர்த்துவதாலும் தடுக்கலாம். ஆனால் மழை விட்டுச் சில நாட்கள் கழிந்தும், இறைத்த குழியில் மீண்டும் நீர் ஊறுமாயின், குற்றம் நிலத்தினுடையது. அங்கே சுவருக்குச் செலவிடும் பணம் பெரும்பாலும் வீணாகும். குழியை விடுத்து மேட்டுத்தறி அமைக்க வழியுண்டா என்று ஆராய்ந்து, அதுவும் இயலாதெனில் பெயர்வதே அறிவுடைமை. ஆற்றங்கரையில் இருப்போர் 2015-ஆம் ஆண்டுப் பெருமழையை மறத்தல் கூடாது.

பெயர்வதென்றால் எங்கே? வேகவதிக் கரையில் குடியிருந்தோருக்கென்று கீழ்க்கதிர்ப்பூரில் அடுக்குமாடி வீடுகள் கட்டப்பெற்றன. வெள்ளத்திற்கு அஞ்சுவோருக்கு அவை நல்ல புகலிடமே. எனினும் மாடித் தளத்தில் குழி தோண்டுவது எங்ஙனம்? புது வீட்டில் முதலில் தறியின் நீளத்தையும் உயரத்தையும் அளந்து, பிறகே மற்ற அறைகளைப் பார்த்தல் வேண்டும்.

செலவையும் கணக்கிடுக. 2023-ஆம் ஆண்டு மாற்றத்தின்படி மனை வாங்குவோர் முத்திரைத் தீர்வை நூற்றுக்கு 7, பதிவுக் கட்டணம் நூற்றுக்கு 2 செலுத்த வேண்டியிருந்தது. அவ்விகிதப்படி 5 லட்ச ரூபாய் மனைக்கு இது 45,000 ரூபாய் ஆயிற்று. அஸ்திவாரம் எடுக்குமுன்னரே செலவாகிவிடும் பணம் இது. ஊரகப் பகுதியில் குடிசையில் வாழ்வோர்க்காக 2024-இல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் தொடங்கப்பெற்றது. 360 சதுர அடி வீட்டிற்கு 3.50 லட்சம் ரூபாய் அதில் வகுக்கப்பெற்றது. பழைய வீடுகளைப் பழுதுபார்க்கவும் அவ்வாண்டிலேயே தனித் திட்டம் வந்தது. தமக்கு அத்தகைய உதவி கிட்டுமா என்பதை ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டறிந்த பின்னரே கடன் பத்திரத்தில் கையொப்பமிடுக. தறிக்கென்று பெற்ற முன்பணத்தைச் சுவரில் போடாதீர்கள்.

மற்றொன்றும் உண்டு. சங்கம் ஒவ்வொன்றிற்கும் செயல் எல்லை உண்டு. அதனைக் கடந்து குடிபெயர்பவர் தம் அங்கத்தினர் உரிமை என்னவாகும் என்பதைச் சங்கச் செயலாளரிடம் முன்கூட்டியே கேட்டல் நன்று. பயிரிடும் அன்பர்களுக்கும் இது பொருந்தும். புது வீடு எத்துணை அழகாயினும், களமும் தொழுவமும் எட்டாத் தொலைவில் இருப்பின் பயனென்ன?

நம் அங்கத்தினர் வீட்டில் குழியை இறைத்துப் பார்த்தோம். மறுபடி ஊறவில்லை. பலமுறை மேலும் மேலும் போடப்பெற்ற சாலை, வீட்டுத் தரையைவிட உயர்ந்துவிட்டதே காரணம். தரையை உயர்த்தினால் ஜக்கார்டு பெட்டி கூரையில் இடிக்கும். ஆதலின் தறி நிற்கும் முன்கூடத்தின் கூரையையும் உயர்த்த வேண்டும். முன்கூடத்தை இவ்வாண்டும் பின்கட்டை அடுத்த ஆண்டும் செப்பனிடுவதென்று கணவனும் மனைவியுமாக முடிவு செய்தனர். மைத்துனரின் மனை காத்திருக்கட்டும் என்றார் அவர்.

விடைபெற்றுத் திரும்புகையில் அவ்வூரின் திரைலோக்கியநாதர் கோயிலுக்குச் சென்றேன். பல்லவர் காலத்ததெனக் கூறப்பெறும் அச் சமணக் கோயிலில், 1387-ஆம் ஆண்டளவில் விசயநகர அமைச்சர் இருகப்பர் சங்கீத மண்டபத்தை எழுப்பினார். பழைய கருவறையை இடிக்காமல், வேண்டியதை முன்னே சேர்த்துக் கட்டினர். அடித்தளம் உறுதியாயிருக்கும் வரையில் நம் வீடுகளுக்கும் அவ்வழியே நல்வழியாகும்.