கேபிள் பில்லில் எதற்கு எவ்வளவு?

2019 பிப்ரவரியில் கேபிள் வைத்திருந்த வீடுகளிலெல்லாம் ஒரு கணக்கு அடிபட்டது: 153 ரூபாய் 40 காசு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அப்போது நடைமுறைக்குக் கொண்டுவந்த புதிய விதிப்படி, நூறு சேனல்களுக்கான அடிப்படைக் கட்டணம் அதிகபட்சம் 130 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 23 ரூபாய் 40 காசு. "நூறு சேனல் இவ்வளவுதானா, பரவாயில்லையே" என்று மகிழ்ந்தவர்களுக்கு, சீரியல் நேரத்தில் டிவியைப் போட்டதும்தான் விஷயம் புரிந்தது. சன் டிவியும் வரவில்லை, விஜய் டிவியும் வரவில்லை.

காரணம் எளியது. அந்த 130 ரூபாய், சேனல்களை வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பதற்கான கூலி மட்டுமே. இலவசச் சேனல்கள் அதிலேயே வந்துவிடும். கட்டணச் சேனல்களுக்குத் தனியாக விலை உண்டு. அன்றைய விலைப்படி சன் டிவி 19 ரூபாய், ஸ்டார் விஜய் 17 ரூபாய். இரண்டையும் சேர்த்து வரி போட்டால் 42 ரூபாய் 48 காசு. ஆக மொத்தம் 195 ரூபாய் 88 காசு. விலைகள் அதன்பின் பலமுறை மாறிவிட்டன. கணக்குப் போடும் முறை மட்டும் மாறவில்லை. கூலி, சேனல் விலை, வரி என்று இந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்க்கத் தெரிந்தவரை எந்த பேக்கேஜும் ஏமாற்ற முடியாது.

சேனலுக்குச் சேனல் காசு வாங்குவது ஒரு காலத்தில் நடக்கிற காரியமாகவே இல்லை. தொண்ணூறுகளில் மொட்டை மாடிக்கு மாடி தாவி வந்த கறுப்பு ஒயரை நேராக டிவியின் பின்னால் செருகினார்கள், வந்ததெல்லாம் தெரிந்தது. எந்த வீட்டில் என்ன பார்க்கிறார்கள் என்பது கேபிள்காரருக்கே தெரியாது. தெருவில் எத்தனை இணைப்பு என்பது அவருக்குத் தெரியும், ஆனால் மேலே கணக்குக் காட்டும்போது அது சுருங்கிவிடும். சேனல் கம்பெனிகளுக்கும் ஆபரேட்டர்களுக்கும் ஓயாத சண்டை. இதற்கு முடிவாக வந்ததுதான் செட்டாப் பாக்ஸ். கட்டணச் சேனலுக்குப் பாக்ஸ் கட்டாயம் என்ற முறை 2003 செப்டம்பரில் முதன்முதலாகச் சென்னையில்தான் அமலானது. நாடு முழுவதற்குமான டிஜிட்டல் மாற்றம் 2012-இல் பெருநகரங்களில் தொடங்கி, 2017 மார்ச் கெடுவோடு கிராமங்களை எட்டியது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் தனி எண் உண்டு என்பதால், ஒரு வீட்டுக்கு மட்டும் ஒரு சேனலைத் திறக்கவும் மூடவும் முடிந்தது.

தமிழ்நாட்டில் இன்னொரு கிளைக்கதையும் உண்டு. 2007-இல் தொடங்கி, முடங்கி, 2011 செப்டம்பரில் மாதம் 70 ரூபாய் என்று மறுபிறவி எடுத்த அரசு கேபிள் டிவி நிறுவனம், 2017-இல் பாக்ஸை இலவசமாகவே கொடுத்தது. பாக்ஸ் வீட்டில் இருந்தாலும் அது நிறுவனத்தின் சொத்துதான். இணைப்பை விட்டால் திருப்பிக் கொடுக்க வேண்டும். கேபிள் மாற நினைப்பவர்கள் பலர் இதை மறந்துவிட்டுப் பிறகு வாக்குவாதம் செய்கிறார்கள்.

விதிகளிலும் சில மாற்றங்கள் வந்தன. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்றானது. ஒரே வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால், அதற்கு அடிப்படைக் கட்டணத்தில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்றும் வந்தது. ஆனால் 2024 ஜூலையில் அடிப்படைக் கட்டணத்துக்கு இருந்த உச்சவரம்பையே டிராய் எடுத்துவிட்டது. போட்டி இருந்தால் விலை தானாகக் குறையும் என்பது அதன் வாதம். ஒரே ஆபரேட்டர் இருக்கும் தெருவில் போட்டிக்கு எங்கே போவது என்ற கேள்விக்கு அந்த வாதத்தில் பதில் இல்லை.

பணம் கசியும் இன்னொரு இடம், 'பொக்கே' எனப்படும் தொகுப்பு. எல்லோருக்கும் வேண்டிய ஒரு சேனலோடு, யாரும் கேட்காத நான்கைந்தைக் கட்டித் தருவார்கள். சில நேரம் தொகுப்பே மலிவாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டில் ஒரு வாரம் உண்மையில் என்ன பார்க்கப்படுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது. பாட்டியின் சீரியல், பிள்ளைகளின் கார்ட்டூன், கிரிக்கெட், நியூஸ் எல்லாம் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டைத் தாண்டினால் ஆச்சரியம்தான். நியூஸ் சேனல்களில் பல இலவசம். கிரிக்கெட் தொடர் முடிந்ததும் விளையாட்டுச் சேனலை நிறுத்திவிடலாம். அதை யாரும் தடுக்க முடியாது.

எச்டி விஷயத்தில் ஏமாறுபவர்கள் அதிகம். நாற்பத்து மூன்று அங்குல டிவி வாங்கிவிட்டு, பழைய சாதாரண பாக்ஸை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரில் மாட்டி, "படம் மங்கலா இருக்கே" என்று டிவிக் கடைக்காரரைத் திட்டுவார்கள். பாக்ஸும் எச்டியாக இருக்க வேண்டும், ஒயர் எச்டிஎம்ஐ ஆக இருக்க வேண்டும், சேனலும் எச்டி பதிப்பாக இருக்க வேண்டும். எச்டி சேனலின் விலை பெரும்பாலும் கூடுதல். 2019 விதியில், அடிப்படைக் கட்டணத்துக்கான சேனல் எண்ணிக்கையில் ஒரு எச்டி, இரண்டு சாதாரண சேனலுக்குச் சமமாகக் கணக்கிடப்பட்டது.

படம் கட்டம் கட்டமாக உடைந்தால் உடனே பாக்ஸைக் குறை சொல்ல வேண்டாம். ஒயரின் நுனியைக் கழற்றிப் பார்த்தால், நடுவில் ஒற்றைச் செம்பு நிறக் கம்பி இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய வலைக் கம்பி. அந்த வலையிலிருந்து ஒரு இழை பிரிந்து நடுக்கம்பியைத் தொட்டால் போதும், சிக்னல் போய்விடும். மாடியில் உள்ள இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கலாம். ஒரே ஒயரை ஸ்ப்ளிட்டர் போட்டு மூன்று அறைக்குப் பிரித்திருந்தால் ஒவ்வொரு டிவிக்கும் போகும் சிக்னல் பலவீனமாகும். பழைய அனலாக்கில் சிக்னல் குறைந்தால் புள்ளி புள்ளியாகவாவது படம் தெரியும். டிஜிட்டலில் ஓரளவு வரை பளிச்சென்று இருந்துவிட்டு, பிறகு ஒரேயடியாகப் போய்விடும்.

டிஷ் ஆன்டெனாவுக்கு மாறலாமா? தெருவில் நல்ல கேபிள்காரர் இல்லாத ஊரில் மாறலாம். ஆனால் கனமழை கொட்டும்போது டிஷ்ஷில் படம் நிற்கும். வானிலிருந்து வரும் அந்த அலைவரிசையை மழைத்துளிகள் உறிஞ்சிக்கொள்கின்றன. மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது, ஆனால் பிரபல தமிழ் கட்டணச் சேனல்களை அதில் எதிர்பார்க்கக் கூடாது. வீட்டில் நல்ல பிராட்பேண்ட் இருந்து, சீரியலை ஆப்பில் பார்த்துப் பழகியவர்களுக்குக் கேபிளே தேவைப்படாமலும் போகலாம். செல்போனில் ஆப் திறக்கத் தெரியாத பெரியவர்கள் உள்ள வீட்டுக்கு, ஒரு ரிமோட்டில் எல்லாம் முடியும் கேபிள்தான் இன்னும் வசதி.

கட்டணத்தில் இருபது முப்பது ரூபாய் கூடக்குறைய இருப்பதைவிட, ஒயர் அறுந்த அன்று மாலைக்குள் ஏணியோடு வருகிற ஆபரேட்டர் கிடைப்பதே பெரிய விஷயம். பக்கத்து வீட்டில் விசாரித்தாலே அது தெரிந்துவிடும். அடுத்த மாதம் வசூலுக்கு வருபவரிடம், அடிப்படைக் கட்டணம் எவ்வளவு, எந்தச் சேனலுக்கு எவ்வளவு, வரி எவ்வளவு என்று பிரித்துப் போட்ட ரசீது கேளுங்கள். அதைத் தர வேண்டியது அவர்கள் கடமை.