வடகம் போடும் ஊருக்கு விருந்தாளி வரட்டும்
கொரியாக் கிராமங்கள் காட்டும் வழி – பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளுக்குப் பயன்படுமா?

சித்திரை வெயில் ஏறியதும் பெரம்பலூர், அரியலூர் பக்கத்து வீடுகளில் வெங்காய வடகம் போடும் வேலை தொடங்கிவிடும். சின்ன வெங்காயத்தை இடித்து, பூண்டு, உளுந்தம்பருப்பு, கடுகு, சீரகம், வெந்தயம், மஞ்சள்தூள், கறிவேப்பிலை, உப்பு சேர்த்துப் பிசைந்து, ஓர் இரவு மூடி வைப்பார்கள். மறுநாள் உருட்டிப் பாயில் காயப்போடுவார்கள். மாலையில் பானைக்குள் எடுத்து வைத்து, காலையில் மறுபடியும் பிசைந்து உருட்டுவார்கள். ஒரு வாரம், பத்து நாள் இப்படிக் காய்ந்ததும் விளக்கெண்ணெய் தடவி எடுத்து வைத்தால் வருஷம் முழுவதும் தாளிக்க உதவும். குழம்பில் கிள்ளிப் போட்டால் தெருவே மணக்கும்.

கொரியா நாட்டுக் கிராமத்துப் பெண்களும் வேறு பொருள்களை வைத்து இதே மாதிரி வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் அங்கே அதைப் பார்க்கவும், செய்து பழகவும், சாப்பிடவும் வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்து வருகிறார்கள். இங்கே வடகம் வீட்டோடு நிற்கிறது. வெங்காயமோ, பிடுங்கிய கையோடு வந்த விலைக்குப் போகிறது.

அடுக்கடுக்காய்ச் சாடிகள்

கொரியாவில் குளிர்காலம் கடுமையானது. மாதக்கணக்கில் வயலில் பச்சை இருக்காது. ஆகவே நவம்பர் மாதவாக்கில் உற்றார் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கூடி, குளிர்காலம் முழுவதற்கும் ஊறுகாய் போடுவார்கள். நீளவாட்டமான முட்டைக்கோசை உப்பில் ஊறவைத்துக் கழுவி, மிளகாய்த்தூள், பூண்டு, இஞ்சி, முள்ளங்கி, தாள் வெங்காயம், உப்பிட்ட இறால் ஆகியவை சேர்ந்த விழுதை இதழ் இதழாகத் தடவுவார்கள். இதுதான் கிம்ச்சி. கூடிப் போடும் இந்த வழக்கத்தை ‘கிம்ஜாங்’ என்கிறார்கள். 2013ல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

முன்பெல்லாம் கிம்ச்சியை மண்சாடியில் அடைத்து, மண்ணில் புதைத்து வைப்பார்கள். இப்போது அதற்கென்றே தனிக் குளிர்ப்பெட்டி பல வீடுகளில் இருக்கிறது. ஆனாலும் கிராமத்து வீடுகளின் பின்கட்டில் வெயில் படும் மேடையில் மண்சாடிகள் வரிசையாக நிற்பதை இன்றும் காணலாம். வேகவைத்து இடித்த சோயா மொச்சையைக் கட்டியாகப் பிடித்து, வைக்கோலில் கட்டித் தொங்கவிட்டு, பிறகு உப்புநீரில் ஊறப்போட்டு இந்தச் சாடிகளில் வைக்கிறார்கள். வடியும் நீர் சோயா சாறு. தங்கும் விழுது குழம்புக்கு. இந்தக் கைப்பழக்கமும் 2024ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

கொரியாவின் சுன்சாங் வட்டாரம் மிளகாய் விழுதுக்குப் பேர்போனது. அங்குமிங்குமாக இருந்த விழுது தயாரிக்கும் குடும்பங்களை 1997ல் ஒரே கிராமமாகக் குடியமர்த்தினார்கள். வருகிறவர்கள் மிளகாய்த்தூள், பசையரிசி, சோயா மாவு, முளைகட்டிய பார்லி சேர்த்துத் தாங்களே விழுது கிளறுகிறார்கள். வீட்டுக்கும் எடுத்துப் போகிறார்கள். இத்தனைக்கும் மிளகாய் கொரியாவின் சொந்தப் பயிரல்ல. நம் நாட்டைப் போலவே அங்கும் அது 16ம் நூற்றாண்டில் வெளியிலிருந்து வந்ததுதான்.

திண்ணை வீட்டுக்கு உறவு

கொரியாவின் பழைய வீட்டில் தங்கும் தமிழருக்கு அந்நியமாகத் தோன்றாது. செருப்பை வாசலில் கழற்ற வேண்டும். தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். தரையில் மெத்தை விரித்துப் படுக்க வேண்டும். அடுப்பின் சூடும் புகையும் தரைக் கல்லுக்கு அடியில் ஓடி அறையைக் கதகதப்பாக்கும்படி அந்த நாளில் வீடு கட்டினார்கள். இப்போது வெந்நீர்க் குழாய் அந்த வேலையைச் செய்கிறது. பெரியவர் கரண்டியை எடுத்த பிறகே சிறியவர்கள் சாப்பிடத் தொடங்குகிறார்கள். பெரியவர்களுக்கு எதையும் இரு கையால் கொடுப்பதே மரியாதை. தாயை ‘ஒம்மா’ என்றும், தகப்பனை ‘அப்பா’ என்றும் குழந்தைகள் கூப்பிடுகின்றன.

சைவ உணவுக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சாதாரணக் கிம்ச்சியில் இறாலோ மீன் சாறோ கலந்திருக்கும். புத்த மடங்களில் 2002 முதல் வெளியாரைத் தங்கவைக்கும் ஏற்பாடு இருக்கிறது. அங்கே புலால் இல்லை. பூண்டும் வெங்காயமும்கூட இல்லை.

கொரியர்களும் ஒரு காலத்தில் பழையதை ஒதுக்கியவர்களே. 1970ல் தொடங்கிய கிராம முன்னேற்ற இயக்கத்தில் கூரை வீடுகள் மளமளவென்று மாறின. மிஞ்சியவற்றின் அருமை பிறகே தெரிந்தது. இன்று சோன்சூ நகரத்தில் நூற்றுக்கணக்கான ஓட்டு வீடுகள் கொண்ட பழைய பகுதி பேணப்படுகிறது.

நம்மிடம் என்ன குறை?

இரு மாவட்டங்களுக்கும் வருகிறவர்கள் குறைவல்ல. கங்கைகொண்ட சோழபுரம் 2004ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கே ஐப்பசிப் பௌர்ணமியில் நடக்கும் அன்னாபிஷேகத்துக்குக் கூட்டம் அலைமோதும். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் 2024ல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. சாத்தனூரில் கல்மரம் இருக்கிறது. ரஞ்சன்குடியில் கோட்டை இருக்கிறது. சென்னை–திருச்சி நெடுஞ்சாலை பெரம்பலூரைத் தொட்டே போகிறது. ஹூண்டாய் கார் ஆலை 1998ல் உற்பத்தியைத் தொடங்கிய பிறகு சென்னைப் பக்கம் குடும்பத்தோடு குடியேறிய கொரியர்களும் உண்டு. இப்படி வருகிறவர்கள் ஊரைப் பார்க்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். சாப்பிட வேறு ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

அவர்கள் இலையில் போட நம்மிடம் எல்லாம் இருக்கிறது. வரகரிசிச் சோறு, கம்பங்கூழ், வடகம் தாளித்த குழம்பு, ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைப் பக்கத்து முந்திரி – எதை வெளியூரிலிருந்து வாங்க வேண்டும்? செட்டிகுளம் வட்டாரத்தில் வெங்காயம் சேமிக்கும் பட்டறையே பட்டணத்துக்காரர்களுக்கு ஒரு காட்சிதான்.

சின்ன வெங்காயத்தின் விலையை நம்பி எதுவும் செய்ய முடியாது என்பதை விவசாயிகள் அறிவார்கள். 2019 டிசம்பரில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. விலை சரியும் பருவத்திலோ பிடுங்கும் கூலிக்கே கட்டுப்படியாகாது. அப்படிப்பட்ட நாளில் வடகமாகும் வெங்காயம் பட்டறையில் அழுகாது. அடிமாட்டு விலைக்கும் போகாது.

எப்படித் தொடங்கலாம்?

முதலில் பெரிய கட்டடமும் கடனும் வேண்டாம். நாலைந்து வீடுகள் சேர்ந்தோ, மகளிர் சுயஉதவிக் குழு மூலமாகவோ வடகத்தில் தொடங்கலாம். தரம் பிரிக்கும்போது ஒதுக்கும் பொடி வெங்காயம் இதற்குப் போதும். அழுகலும் பூஞ்சணமும் பட்டதை அறவே சேர்க்கக் கூடாது. காய்ந்தால் எடை வெகுவாகக் குறையும். ஒரு கிலோ வடகத்துக்கு எத்தனை கிலோ வெங்காயம் பிடித்தது, மற்றச் சாமான் எவ்வளவு, கூலி எவ்வளவு என்று எழுதிவைத்துக் கணக்குப் பார்த்தே விலை வைக்க வேண்டும். விற்பதற்கு முன் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்வது அவசியம்.

அடுத்தபடியாக, கோயிலுக்கும் சரணாலயத்துக்கும் போகும் வழியில் உள்ள ஊர்களில், முன்கூட்டிச் சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும் மதியச் சாப்பாடு போடலாம். பட்டறையைக் காட்டலாம், வடகம் உருட்டவும் விடலாம். நல்ல தண்ணீர், சுத்தமான கழிப்பிடம், முன்பே சொன்ன விலை ஆகிய மூன்றும் இருந்தால் வந்தவர் இன்னொருவரை அனுப்புவார்.

சிறுதானியங்களையும் காய்கறிகளையும் மதிப்புக் கூட்டி விற்பது பற்றி யோசனை வேண்டுவோர் பெரம்பலூர் மாவட்டத்தில் வாலிகண்டபுரத்திலும், அரியலூர் மாவட்டத்தில் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம்.

வடகம் போடத் தெரிந்த பாட்டிகள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே மருமகள்களும் பேத்திகளும் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும். வரும் சித்திரையில் வீட்டுக்கு நாலு படி வெங்காயத்துக்கு வடகம் போடுகிறவர்கள், விற்பனைக்கென்று இன்னும் நாலு படி சேர்த்துப் போட்டுப் பார்க்கலாமே!