எல்லை தாண்டும் பூஞ்சாணம். எல்லையில் நிற்கும் சட்டம்

வெள்ளரி, தர்பூசணி விவசாயிகளின் கவலை நாடாளுமன்றம் வரை நீள்கிறது

புது தில்லி: கேரளத்தின் தென்கோடியில் தமிழக எல்லையை ஒட்டியுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களில் வெள்ளரி, தர்பூசணி போன்ற கொடிப் பயிர்களைத் தாக்கும் பூஞ்சாண நோய்கள், வயலோடு முடிந்துவிடும் பிரச்சினை அல்ல. எந்த மருந்தைத் தெளிக்கலாம், எதைத் தடை செய்யலாம், அதை முடிவு செய்யும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விகள் தில்லியில் ஆண்டுக்கணக்கில் விடை காணாமல் உள்ளன.

மொழிவாரி மாநிலச் சீரமைப்பின்போது 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய நான்கு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தன. தமிழர்கள் கோரிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே தங்கிவிட்டது. களியக்காவிளையைத் தாண்டினால் ஆட்சியும் வேளாண் துறையும் மாறுகின்றன. மண்ணும் மழையும் காற்றும் மாறுவதில்லை.

நோய் எது, மருந்து எது?

கேரளத்தில் நெல் அறுவடைக்குப் பின் தரிசாகும் வயல்களில் கோடைப் பருவத்தில் வெள்ளரி பயிரிடுவது வழக்கம். ஏப்ரல் மாத விஷுவுக்குக் கனிவெள்ளரி தேவைப்படுவதால், உரிய நாளில் காய் சந்தைக்கு வந்தால்தான் விலை. இடையில் கோடை மழை பெய்து ஈரப்பதம் கூடினால் அடிச்சாம்பல் நோய் பரவுகிறது. இலையின் மேற்புறம் நரம்புகளுக்கு இடையே கோண வடிவில் மஞ்சள் புள்ளிகளும், அடிப்புறம் சாம்பல் நிறப் படலமும் தோன்றும். காற்றில் பறக்கும் வித்துகள் ஒரு வயலிலிருந்து மற்றொன்றுக்கு எளிதில் செல்கின்றன.

வறண்ட வானிலையிலும் வரக்கூடியது சாம்பல் நோய். இலை மீது வெள்ளை மாவு தூவியது போலிருக்கும். மண் வழியே வருவது பியூசேரியம் வாடல் நோய். அதன் வித்துகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிருடன் இருக்கும் என்பதால், ஒரு முறை வாடல் கண்ட நிலத்தில் தர்பூசணியைத் தொடர்ந்து பயிரிடுவது ஆபத்தாகும்.

இவற்றைப் பிரித்தறியாமல் மருந்து தெளிப்பதே பெரும் இழப்புக்குக் காரணம். அடிச்சாம்பல் நோய்க்கிருமி உண்மையான பூஞ்சாண வகையைச் சேர்ந்ததல்ல. எனவே சாம்பல் நோய்க்குப் பயன்படும் கார்பென்டாசிம் இதற்குப் பலன் தராது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் கிருமி எதிர்ப்புத் திறன் பெற்றுவிடுகிறது. மெட்டாலாக்சில் மருந்துக்கு வெள்ளரியின் அடிச்சாம்பல் நோய்க்கிருமி கட்டுப்படாமல் போனது 1980-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே இஸ்ரேலில் கண்டறியப்பட்டது.

வெள்ளாயணி வேளாண் கல்லூரியை உள்ளடக்கிய கேரள வேளாண் பல்கலைக்கழகம் உயிரியல் முறைகளை வலியுறுத்தி வருகிறது. 90 கிலோ தொழு உரம், 10 கிலோ வேப்பம் பிண்ணாக்குடன் ஒன்று அல்லது இரண்டு கிலோ டிரைக்கோடெர்மாவைக் கலந்து, ஈரம் காயாமல் நிழலில் இரு வாரம் மூடி வைத்து மண்ணில் இட வேண்டும். லிட்டருக்கு 20 கிராம் வீதம் சூடோமோனாஸ் கரைசல் தெளிக்கலாம். நோயுற்ற இலைகளை அகற்றி அழிப்பதும், மாலையில் இலை நனைய நீர் ஊற்றுவதைத் தவிர்ப்பதும், பயிர்ச் சுழற்சியும் செலவில்லாத தற்காப்பு.

தடையும் குழப்பமும்

மத்திய அரசு 2020 மே மாதத்தில் 27 வேளாண் நச்சு மருந்துகளைத் தடை செய்ய வரைவு ஆணை வெளியிட்டது. மான்கோசெப், கார்பென்டாசிம், கேப்டான், டினோகாப் போன்ற பூஞ்சாணக்கொல்லிகளும் அப்பட்டியலில் இருந்தன. 27-ல் மூன்றை மட்டும் தடை செய்ய முற்பட்டது ஏன் என்று 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. அவ்வாண்டு இறுதி ஆணையில் டினோகாப் தடை செய்யப்பட்டது. மான்கோசெப், கார்பென்டாசிம் இரண்டும் முழுத் தடைக்கு உள்ளாகவில்லை. ஐரோப்பிய ஒன்றியமோ மான்கோசெப்புக்கான அனுமதியைப் புதுப்பிக்க 2020 டிசம்பரிலேயே மறுத்துவிட்டது.

கொடிப் பயிர்களின் சாம்பல் நோய்க்கு வேளாண் பல்கலைக்கழகங்கள் நெடுங்காலம் பரிந்துரைத்து வந்தது டினோகாப் என்பது குறிப்பிடத்தக்கது. பழைய கையேட்டை நம்பும் விவசாயிக்கு இந்த மாற்றத்தை எடுத்துச் சொல்லும் பொறுப்பு இரு மாநில வேளாண் துறைகளுக்கும் உண்டு.

அறுபது நாள் அதிகாரம்

1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் 27-வது பிரிவின்படி, ஒரு மருந்தின் விற்பனையை மாநில அரசு 60 நாள்களுக்குத் தடுத்து நிறுத்தலாம்; மேலும் 30 நாள்கள் வரை நீட்டிக்கலாம். நிரந்தரத் தடை மத்திய அரசின் கையில் உள்ளது. கேரளம் 2011-ல் பல வேளாண் மருந்துகளுக்கும், 2019-ல் கிளைபோசேட்டுக்கும் விற்பனைத் தடை விதித்தது. ஆனால் அந்த ஆணைகள் களியக்காவிளைக்கு அப்பால் செல்லுபடியாகாது. ஒரே சந்தையை நம்பியிருக்கும் எல்லைக் கிராமங்களில் ஒரு மாநிலத்தின் தடையால் மட்டும் என்ன பயன் என்ற கேள்வி எழுகிறது.

தமிழகக் காய்கறிகளில் நச்சு எச்சம் மிகுதி என்று 2015-ல் கேரளம் குற்றஞ்சாட்டியதும், தமிழகம் அதை மறுத்ததும் இரு மாநில உறவில் கசப்பை ஏற்படுத்தின. நெய்யாற்றுத் தண்ணீருக்காவது தமிழகம் 2012-ல் உச்ச நீதிமன்றத்தை நாட முடிந்தது. பயிர் நோய்க்கும் மருந்துக்கும் இரு மாநிலங்களும் சேர்ந்து பேச நிலையான மேடை தேவை.

அரசியல் சாசனத்தில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. பயிர்ப் பாதுகாப்பு மாநிலப் பட்டியலில் 14-வது இனம். ஆனால் தாவர நோய்கள் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவுவதைத் தடுப்பது பொதுப்பட்டியலில் 29-வது இனமாக இடம்பெற்றுள்ளது. மத்திய அரசு முன்முயற்சி எடுக்க இதுவே போதுமான அடிப்படை.

1968-ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2008-ல் கொண்டு வரப்பட்ட மசோதா நிறைவேறவில்லை. 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் அறிமுகமான பூச்சிக்கொல்லி மேலாண்மை மசோதாவை ஆராய்ந்த வேளாண் நிலைக்குழு, 2021 டிசம்பரில் அறிக்கை அளித்தது. மாநிலங்களின் தடை அதிகாரம், போலி மருந்தால் பயிரிழந்தோருக்கு இழப்பீடு ஆகிய இரண்டிலும் தெளிவு பிறந்தால்தான் புதிய சட்டத்தால் எல்லை விவசாயிக்குப் பலன் கிட்டும். கேரள, தமிழக உறுப்பினர்கள் கட்சி வேறுபாடின்றி ஒரே குரலில் பேச வேண்டிய விஷயம் இது.