இஞ்சிக் குலமும் விதைக் கிழங்கும்

மஞ்சள், இஞ்சி, ஏலம், சிற்றரத்தை ஆகியவை ஒரு குடும்பத்தவை என்பதை அங்கத்தினர் பலரும் அறிவர். வாழையும் கல்வாழையும் அவற்றின் உறவினரே. தாவர நூலார் இவற்றையெல்லாம் இஞ்சி வரிசை என்னும் ஒரே தொகுதியில் எட்டுக் குடும்பங்களாக வகுத்துள்ளனர்.

வாழையை மரம் என்கிறோம், அது மரமன்று. வெளியே தண்டெனத் தோன்றுவது ஒன்றையொன்று பொதிந்த இலையுறைகளே. மஞ்சள், இஞ்சிச் செடிகளும் அவ்வாறே. இவற்றின் உண்மைத் தண்டு மண்ணுக்குள் கிழங்காக இருக்கிறது. வாழையின் இலையுறையிலிருந்தே நெசவுக்குரிய நார் கிடைக்கிறது. பிலிப்பைன்ஸ் நாட்டின் புகழ்பெற்ற மணிலா நாரும் வாழையினம் ஒன்றன் நாரே. பூவிலும் உறவு தெரியும். வாழைப்பூவில் பெரும்பாலும் ஐந்து மகரந்தக் கேசரங்கள் உண்டு, இஞ்சிப்பூவில் ஒன்றே, கல்வாழையில் அரைக் கேசரமே பயன்படும். அதன் வண்ண இதழ்கள் போன்றவை உருமாறிய கேசரங்களே.

நாம் முக்கியமாகக் கருத வேண்டுவது வேறொன்று. மஞ்சளும் பயிரிடும் வாழை வகைகளுட் பெரும்பாலானவையும் முளைக்கும் விதை தருவதில்லை. ஆகவே தாய்ச் செடியின் கிழங்கையோ பக்கக்கன்றையோ நடுகிறோம். இதனால் தாயின் நற்குணம் மாறாமல் வருகிறது. தாயின் நோயும் அப்படியே வந்துவிடுகிறது. இஞ்சி, மஞ்சளின் கிழங்கழுகல் விதைக் கிழங்கோடு வயலுக்குள் நுழையும். வாழையின் முடிக்கொத்து நோயை அசுவினிப் பூச்சி செடிக்குச் செடி பரப்பும். ஊருக்கு ஊர் கொண்டு செல்வது கன்றே. பழனி மலைச்சாரலின் விருப்பாட்சி வாழை இந்நோயால் பேரழிவுற்றது. நோய் கண்ட வாழையைக் குணமாக்க மருந்தில்லை.

எனவே அறுவடைக்கு முன்பே நோயற்ற பாத்திகளை அடையாளமிட்டு, அவற்றின் கிழங்கையே விதைக்கு ஒதுக்குக. ஒரு லிட்டர் நீருக்கு 3 கிராம் மேன்கோசெப் கலந்து, கிழங்கை அரைமணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி வைக்க. வாழைக் கன்றை நோயில்லாத தோட்டத்திலிருந்து மட்டும் எடுக்க. நோயுற்ற குத்தில் முதலில் அசுவினியை ஒழித்துப் பின்னர்க் கிழங்கோடு அகழ்ந்து அழிக்க.

ஒருவர் மட்டும் காத்துப் பயனில்லை. அண்டை வயலின் நோய் நம் வயலின் நோயே. சங்கந்தோறும் பொது விதைப் பாத்தி ஒன்று அமைத்தால், கடன் பெற்றுப் பயிரிடும் உறுப்பினரின் ஓராண்டு உழைப்பு வீணாகாமற் காக்கலாம்.