முடிவு தெரியாத கதை

"தம்பி, ஒரு கதை. பேர் ஞாபகம் இல்லை. எழுதினவர் பேரும் ஞாபகம் இல்லை. கண்டுபிடிச்சுக் கொடுப்பியா?"

பூந்தமல்லிக்கு மேற்கே, திருமழிசையை அடுத்துள்ள குத்தம்பாக்கத்தில், ஒரு வீட்டுத் திண்ணையில் என்னை உட்கார வைத்து, மோர்த் தம்ளரையும் கையில் கொடுத்துவிட்டு ஒரு பாட்டியம்மாள் கேட்ட கேள்வி இது. பழைய தொடர்கதைகளை பைண்டு செய்து மூன்று டிரங்குப் பெட்டி நிறைய அந்த வீட்டில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போயிருந்தேன். போன இடத்தில் இப்படி ஒரு பொறுப்பு!

பாட்டியம்மாளின் பிறந்த வீடு காஞ்சிபுரம். அங்கே வாரந்தோறும் பத்திரிகை வரும். முதலில் அப்பா, பிறகு அண்ணன், அடுப்படி வேலை முடிந்த பிறகுதான் பெண்கள். 1962-ஆம் வருஷம் தை மாதம் கல்யாணம் ஆயிற்று. புக்ககத்தில் பத்திரிகை வாங்கும் வழக்கம் இல்லை. "புதுசா வந்த மருமக, மாமியார்கிட்டப் போய் எனக்குக் கதைப் புஸ்தகம் வேணும்னு கேக்க முடியுமா?" என்றார்.

பாதியில் நின்ற அந்தக் கதையில், ஒரு மலையூர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்க்கும் பெண் வருகிறாள். கடைசியாகப் பார்த்த படத்தில் அவள் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பஸ்ஸிலிருந்து ஒருவன் இறங்குகிறான். முகம் தெரியவில்லை. கீழே 'தொடரும்'.

"அந்த ஆள் யாரு தம்பி? அறுபது வருஷத்துக்கு மேலே ஆச்சு. இப்பவும் ராத்திரி தூக்கம் வராட்டா அதுதான் ஞாபகம் வரும்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பெட்டிக்குள்ளே என்ன?

முதலில் அந்தப் பெட்டிகளையே பார்ப்போம் என்று திறந்தோம். பிற்காலத்தில் மகன் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிச் சேர்த்த பைண்டு புத்தகங்கள் அவை. ஆனால் என்ன பயன்? பைண்டு செய்தவர் அட்டைகளைக் கிழித்துவிட்டார். ஓரங்களை வெட்டும்போது பத்திரிகையின் பெயரும் தேதியும் போய்விட்டன. எந்தக் கதை எந்த வருஷத்தது என்று சொல்ல வழியில்லை. அடுக்கியிருந்த முறையோ, பெரியது அடியில், சிறியது மேலே! நம் வீடுகளிலும் அப்படித்தானே? பஞ்சாங்கத்துக்கும் சமையல் புத்தகத்துக்கும் நடுவே ஒரு நாவல் அகப்பட்டுக்கொண்டு மூச்சுத் திணறும்.

உயரம் பார்த்து அடுக்கினால் கண்ணுக்கு அழகாக இருக்கும். தேடும்போதுதான் வருத்தம்.

பொம்மைக் கடையில் பிறந்த யோசனை

இந்த வருத்தத்துக்கு மருந்து கண்டவர் நம் ஊர்க்காரர்தான். சீர்காழியில் 1892-இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன், சென்னை மாநிலக் கல்லூரியில் கணித ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகராகி, அந்தத் தொழிலைக் கற்க லண்டன் சென்றார். அங்கே ஒரு கடையில் குழந்தைகளின் 'மெக்கானோ' விளையாட்டுச் சாமானைக் கண்டார். அதே துண்டுகளை விதவிதமாகப் பூட்டி வண்டியும் செய்யலாம், பாலமும் செய்யலாம். புத்தகத்தின் விஷயத்தையும் இப்படித் துண்டு துண்டாகப் பிரித்துப் பூட்டினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933-இல் வெளியான அவருடைய 'கோலன் பகுப்பு முறை'க்கு அதுவே விதை. 1931-இல் அவர் வகுத்த நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, வாசகரின் நேரத்தை வீணாக்கக் கூடாது என்பது.

அவர் சொன்ன துண்டுகளில் இரண்டு, இடமும் காலமும். பாட்டியம்மாளுக்குக் கதையின் பெயர்தான் மறந்துபோயிற்றே தவிர, இந்த இரண்டும் மறக்கவில்லை. "கல்யாணத்துக்கு முந்தி வந்த கடைசிப் புஸ்தகம். அட்டையிலே பொங்கல் பானை போட்டிருந்தான்" என்றார்.

அப்புறம் என்ன? 1962 பொங்கல் சமயத்து இதழ்களைப் பார்த்தால் போதும் அல்லவா?

குப்பையில் போகாத காகிதம்

ஆனால் வாரப் பத்திரிகையை யார் வைத்திருப்பார்கள்? பல தொடர்கதைகள் புத்தகமாக வருவதே இல்லை. படித்த பத்திரிகை பழைய பேப்பர்காரரின் தராசுக்குத்தான் போகிறது.

நல்ல வேளையாகச் சிலர் அப்படிப் போகவிடவில்லை. செட்டிநாட்டுக் கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்த ரோஜா முத்தையா அப்படிப்பட்டவர். புத்தகங்களோடு பத்திரிகைகள், நோட்டீஸ்கள், கல்யாணப் பத்திரிகைகள் வரை சேர்த்தார். அவர் 1992-இல் காலமானபோது அந்தச் சேகரிப்பு சுமார் ஒரு லட்சம். 1994-இல் சிகாகோ பல்கலைக் கழகம் அதை வாங்கியது. ஆனாலும் கடல் கடந்து கொண்டு போகவில்லை. சென்னை முகப்பேரில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அது அமைந்தது. பிறகு தரமணிக்கு இடம் மாறிற்று. எழும்பூரில் 1896 முதல் இருக்கும் கன்னிமாரா நூலகத்தையும் மறக்கக் கூடாது.

பஸ்ஸிலிருந்து இறங்கியவர்

நகரத்து நூலகம் ஒன்றில் பழைய தொகுப்புகளைப் புரட்டினேன். இரண்டாவது பத்திரிகையிலேயே பொங்கல் பானை. உள்ளே குடையும் பஸ்ஸும்! ஒரு காலை வேளைதான் ஆயிற்று. மீதி அத்தியாயங்களுக்கு நகல் எடுத்துக்கொண்டு குத்தம்பாக்கம் போனேன்.

பாட்டியம்மாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். இரண்டு பக்கம் போனதும் நிமிர்ந்தார்.

"அண்ணனா! கூடப் பிறந்த அண்ணனா! நான் மாப்பிள்ளைன்னு நினைச்சு ரெண்டு பேருக்கும் கல்யாணமே பண்ணி வச்சுட்டேனே தம்பி!"

வீடே சிரித்தது. அவரும் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

நீங்களும் செய்யலாம்

தொடர்கதையை பைண்டு செய்யக் கொடுக்கும்போது ஓர் அட்டையையாவது சேர்த்துக் கொடுங்கள். முதல் பக்கத்தில் பத்திரிகையின் பெயர், தேதி, எந்த ஊரில் வாங்கியது என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். மை ஈரத்தில் ஊறிவிடும்.

உயரத்தை விட்டு, விஷயம் பார்த்து அடுக்குங்கள். கதைகளை ஆசிரியர் பெயர்ப்படி வையுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டில் வரிசை எண், பெயர், ஆசிரியர், அலமாரித் தட்டு எழுதி, கதையை ஒரே வரியில் குறித்து வையுங்கள். கடைசிப் பக்கம் இரவல் கணக்குக்கு!

அலமாரியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் புத்தகங்களை நிழலில் காற்றாட விடுங்கள். கிழிந்த தாளில் ஸெல்லோ டேப் வேண்டாம். நாளடைவில் பசை பழுத்துக் கறையாகிவிடும்.

நான் கிளம்பும்போது பாட்டியம்மாள் பேத்தியைக் கூப்பிட்டு, நகலின் முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதச் சொல்லிக்கொண்டிருந்தார்: "காஞ்சிபுரம், 1962, தை மாசம்னு போடு. அதுக்குக் கீழே, குத்தம்பாக்கத்திலே படிச்சு முடிச்சதுன்னு எழுது."