வளர்ச்சியின் வாயிற்காவலர்

செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் சர்வகலாசாலையில், 1950-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ரீட்டா லெவி-மொன்டால்சினி என்ற இத்தாலியப் பெண்மணி, சுண்டெலியின் கட்டியிலிருந்து எடுத்த துணுக்கு ஒன்றைக் கோழிமுட்டைக்குள் வளரும் கருவில் பொருத்தி வைத்தார். சில நாட்களில் அக்கருவின் நரம்பிழைகள் கட்டியை நாடி அளவிறந்து கிளைத்தன. கட்டியைக் கருவின்மேல் படாமல் அதைச் சூழ்ந்த சவ்வின்மேல் வைத்தபோதும் அவ்வாறே கிளைத்தன. கட்டியிலிருந்து ஏதோ ஒரு திரவியம் கசிந்து, இரத்தத்தோடு சென்று, நரம்புகளை வளருமாறு ஏவுகிறது என்று அவர் துணிந்தார். முசோலினி அரசின் இனச் சட்டங்களால் உத்தியோகம் இழந்து, டூரின் நகரில் தம் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக்கருக்களை ஆராய்ந்துவந்த அந்த அம்மையாருக்கு இத்தகைய கூர்ந்த நோக்கு நெடுங்காலத் தவத்தால் வாய்த்தது.

அத்திரவியத்தைப் பிரித்தெடுக்க அவரோடு சேர்ந்து உழைத்த ஸ்டான்லி கோஹன், ஆண் சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியின் சாரத்தைப் பிறந்த குட்டிகளுக்குச் செலுத்தியபோது, 12 நாட்களுக்கு மேல் சென்றே விழிக்க வேண்டிய குட்டிகள் 7-ஆம் நாளிலேயே கண் திறந்தன. பிறரென்றால் பொருட்படுத்தாது விட்டிருக்கக்கூடிய இச்சிறு விந்தையைப் பற்றிக்கொண்டு சென்ற கோஹன், மேல்தோலை வளர்க்கும் காரணி ஒன்றை 1962-இல் உலகுக்கு அறிவித்தார். 1986-இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். கருவின் வளர்ச்சியைப் பற்றிய இவ்வளவு பெரிய ரகசியத்தை முதலில் வெளியிட்டது ஒரு கட்டி என்பதை நினைக்குந்தோறும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

காரணி என்பது செய்தி மட்டுமே; அது உயிரணுவுக்குள் நுழைவதற்கு முன்பே, அணுவின் மேற்சவ்வை ஊடுருவி, தலையை வெளியிலும் காலை உள்ளேயும் வைத்து நிற்கும் ஏற்பி என்னும் புரதம், அரண்மனை வாயிலில் நிற்கும் காவலனைப்போல, அச்செய்தியை வாங்கி உள்ளே அறிவிக்கிறது. காரணி வந்து பொருந்தியதும் இரண்டு ஏற்பிகள் இணைகின்றன; அவற்றின் உட்பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று பாஸ்பேட்டை ஏற்றிக்கொள்கின்றன; அந்த மாறுதல் படிப்படியாக அணுவின் கருவரை எட்டி, ‘பிளவுபட்டுப் பெருகு’ என்ற ஆணையாக முடிகிறது. செய்தி நின்றதும் ஆணையும் நிற்க வேண்டும். காரணி பொருந்திய ஏற்பிகளை அணு உள்ளிழுத்துச் சிதைத்துவிடுவதும் அதற்காகவே.

அந்த நிறுத்தம் தவறும்போது விளைவது என்ன என்பது 1984-இல் தெளிவாயிற்று. கோழிகளுக்கு ஒருவகை இரத்தப் புற்றை உண்டாக்கும் வைரஸில் இருந்த ஜீனை ஆராய்ந்த லண்டன் அறிஞர் மைக்கேல் வாட்டர்ஃபீல்டின் குழுவினர், அது கோஹனின் காரணிக்குரிய ஏற்பியின் ஜீனே என்றும், அதன் வெளிப்புறத் தலை அறுபட்டுப் போயிருக்கிறது என்றும் கண்டனர். தலையில்லாத அந்த ஏற்பி, எச்செய்தியும் வாராமலே, ஓயாது ஆணையிட்டுக்கொண்டிருக்கிறது.

அதன் உடன்பிறப்பான ஹெர்-2 என்னும் ஏற்பி கெடும் விதம் வேறு. அது பழுதுபடாமலே பல்கிவிடுகிறது. 1987-இல் கலிபோர்னியாவின் டென்னிஸ் ஸ்லாமனும் அவருடைய கூட்டாளிகளும், 189 மார்பகப் புற்றுக்கட்டிகளைச் சோதித்து, ஏறக்குறைய 30 சதவீதத்தில் ஹெர்-2 ஜீன் பன்மடங்கு பெருகியிருந்ததையும், அத்தகைய நோயாளிகளின் ஆயுள் குறைந்திருந்ததையும் காட்டினர். அந்த ஏற்பியைத் தேடிப் பற்றும் டிராஸ்டுஜுமாப் என்ற எதிர்ப்புப் புரதம் 1998-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவரை மிகக் கொடியதென்று வைத்தியர்கள் அஞ்சிய வகைக்கே குறிபார்த்துச் செய்த மருந்து கிடைத்தது.

ஒரே ஏற்பி எல்லா இடத்திலும் ஒரே பணியைச் செய்வதுமில்லை. எஃப்.ஜி.எஃப்.ஆர்-3 என்பது குழந்தையின் நீண்ட எலும்புகளில் வளர்ச்சியைக் கட்டுப்படுத்துவது. பிறவியிலேயே அது மிகையாகத் தூண்டப்பட்டால் கைகால்கள் குறுகிய உடலமைப்பு உண்டாகிறது. அதே ஏற்பி, சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் மிகையாகத் தூண்டப்பட்டாலோ, அங்கே புற்று வளர்கிறது.

எனினும், கருவுக்கும் கட்டிக்கும் உள்ள உறவை இதயத்தைப்போல உணர்த்துவது வேறில்லை. ஹெர்-2 ஜீன் நீக்கப்பட்ட சுண்டெலிக் கருக்கள் இதயத்தின் உட்புறத் தசைமடிப்புகள் உருவாகாமல் கர்ப்பகாலத்தின் நடுவிலேயே மடிகின்றன என்று 1995-இல் தெரியவந்திருந்தது. பின்னர் மார்பகப் புற்று முற்றிய பெண்களுக்கு, ஆந்த்ராசைக்ளின் வகை மருந்தோடு டிராஸ்டுஜுமாபையும் சேர்த்துக் கொடுத்தபோது, அவர்களுள் 27 சதவீதத்தினருக்கு இதயம் தளர்ந்தது. கருவில் இதயத்தைக் கட்டிய ஏற்பி, முதிர்ந்த இதயத்திலும் தசையணுக்களைப் பேணிக்கொண்டு நிற்கிறது. கட்டியின்மேல் ஏவிய மருந்து அதையும் தடுத்துவிடுகிறது. நற்பேறாக, மருந்தை நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இதயம் தேறுகிறது. எனினும், இந்த ஆபத்தைக் கருதி, இன்று வைத்தியர்கள் அவ்விரு மருந்துகளையும் ஒரே சமயத்தில் கொடுப்பதைப் பொதுவாகத் தவிர்க்கின்றனர். சிகிச்சைக்கு முன்னும், அதன் நடுவே சில மாதங்களுக்கு ஒருமுறையும், நோயாளியின் இதயத்தை எக்கோ பரிசோதனையால் பார்த்துக்கொள்கின்றனர்.