தீக்குச்சியில் ஒரு சிலிப்பர் கட்டை

சிவகாசி வழியாகப் போகும் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை 1927-இல் திறக்கப்பட்டபோது அது மீட்டர் கேஜ் பாதை. இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே 1 மீட்டர் இடைவெளி. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை 1,676 மி.மீ. அகலப் பாதையாக மாற்றிவிட்டார்கள். ஆனால் வீட்டு மேசையில் குட்டி ரயில் பாதை போட ஆசைப்படுகிறவர்களுக்குப் பழைய மீட்டர் கேஜ்தான் வசதி. 100 மடங்கு சுருக்கினால் 1 மீட்டர் 1 சென்டிமீட்டர் ஆகிவிடும். நிஜத்தில் எத்தனை மீட்டரோ, மாதிரியில் அத்தனை சென்டிமீட்டர். மனக்கணக்கே போதும்.

உலகம் முழுக்கக் கடைகளில் அதிகம் விற்பது 'எச்.ஓ.' என்னும் 1:87 அளவு. புனேயில் ஜோஷி என்பவர் அமைத்து 1998-இல் திறந்த குட்டி ரயில் அருங்காட்சியகத்திலும் இந்த அளவுதான். விலையும் அதிகம், ஒவ்வொன்றையும் 87-ஆல் வகுத்துக்கொண்டும் இருக்க வேண்டும். நாம் 100-லேயே நிற்போம்.

தண்டவாளத்துக்குக் கீழே குறுக்காகக் கிடப்பது சிலிப்பர் கட்டை. அந்தக் கால மீட்டர் கேஜ் மரக்கட்டை ஏறத்தாழ 180 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம். 100-ஆல் வகுத்தால் 18 மி.மீ. நீளம், 2 மி.மீ. அகலம். இப்போது ஒரு மரத் தீக்குச்சியின் அகலத்தை அளந்து பாருங்கள். அதுவும் ஏறக்குறைய 2 மி.மீ.! 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்க் கற்று வந்த தீப்பெட்டித் தொழில், நமக்குச் சிலிப்பர் கட்டையும் சேர்த்தே கொடுத்திருக்கிறது. ஒரு குச்சியில் இரண்டு கட்டை கிடைக்கும். மருந்து வைக்காத வெறுங்குச்சியாகப் பார்த்து வாங்குங்கள். தலை மருந்தைச் சுரண்டி எடுக்கவே கூடாது. அதில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது, உரசினால் பற்றும்.

கால் மீட்டர் பாதைக்கே முப்பதுக்கும் மேல் கட்டைகள் வேண்டும். ஒவ்வொன்றையும் ஸ்கேல் வைத்து அளந்து வெட்டினால் ஒன்று 17 மி.மீ., ஒன்று 19 மி.மீ. என்று பல்லிளிக்கும். முன்பு வெட்டிய துண்டை வைத்து அடுத்ததை வெட்டுவது இன்னும் மோசம். முதல் துண்டின் தப்பு இரண்டாவதில் ஏறும், இரண்டின் தப்பும் மூன்றாவதில் ஏறும். தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி அடுக்கியவர்கள் இதற்கு வழி வைத்திருந்தார்கள். பள்ளம் வெட்டிய மரச்சட்டத்தில் குச்சிகளை வரிசையாக வைப்பார்கள். குச்சிக்குக் குச்சி இடைவெளியைச் சட்டமே பார்த்துக்கொள்ளும், கண்ணால் அளக்க வேண்டியதில்லை. நாமும் ஒரு சட்டம் செய்வோம்.

காலண்டர் அட்டையில் இரண்டு பட்டைகள் வெட்டி, நடுவே ஒரு குச்சி படுக்கும் அளவு பள்ளம் விட்டு இன்னொரு அட்டைமேல் ஒட்டுங்கள். ஒரு முனையில் தடுப்புக்கு அட்டைத் துண்டு. தடுப்பிலிருந்து 18 மி.மீ. தள்ளி, பட்டைகளின் குறுக்கே கத்தி இறங்க ஒரு வெட்டு. வெட்டும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். குச்சியைத் தடுப்பில் இடிக்கும்வரை தள்ளி வெட்டினால், தப்பு இருந்தாலும் எல்லாக் கட்டைகளுக்கும் ஒரே தப்பு. ஒரே மாதிரித் தப்பைக் கண் கண்டுபிடிக்காது.

ஒரு சிக்கல் உண்டு. பள்ளம் குச்சியின் அளவே இருந்தால் குச்சி இறங்காது. அகலமாகிவிட்டால் ஆடும். ஒரு மயிரிழை கூடுதல் இடம் வேண்டும். அதற்கு உதவுவது தினமும் கிழிக்கிற காலண்டர்தான். தாள் கிழிக்காத புதுக் காலண்டரின் 365 தாள்களையும் இறுக அழுத்தி, அடுக்கின் உயரத்தை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். 22 மி.மீ. வந்தால் 365-ஆல் வகுக்க, ஒரு தாள் 0.06 மி.மீ. மில்லிமீட்டர் கோடு மட்டும் உள்ள ஸ்கேலால் இதை எப்படி அளந்தோம்? அளக்கும்போது அரை மி.மீ. பிசகியிருந்தாலும் அந்தப் பிசகும் 365-ஆல் வகுபட்டுப்போகிறது. பட்டைகளை ஒட்டும்போது குச்சியோடு ஒரு தாள் துண்டையும் சேர்த்து வைத்து ஒட்டி, காய்ந்ததும் உருவிவிடுங்கள். குச்சி ஆடாமல் வழுக்கிக்கொண்டு போகும்.

அடுத்தது, இரும்புப் பாலத்தில் வரிசை வரிசையாகத் தெரியும் ரிவெட் குமிழ்கள். நிஜக் குமிழின் அகலம் 3 செ.மீ. என்றால் நமக்கு 0.3 மி.மீ. ஒரு தையல் ஊசியின் கூர்முனையைச் சாணைக்கல்லில் லேசாக மழுக்குங்கள். கைப்பிடிக்கு, பசை தடவிய காகிதப் பட்டையை ஊசியைச் சுற்றிப் பென்சில் கனத்துக்குச் சுருட்டுங்கள். பட்டாசுக்குக் குழாய் சுருட்டும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டுமா என்ன? சுருள் காய்ந்தால் மரம்போல விறைத்து நிற்கும். ஆனால் புதுக் காகிதத்தில்தான் சுருட்ட வேண்டும். வெடித்த பட்டாசின் குழாயை எடுக்காதீர்கள், உள்ளே மருந்து மிச்சமிருக்கலாம்.

பிரியாணி வாங்கிவரும் அலுமினியப் பெட்டியின் தகட்டைச் சைக்கிள் டியூப் துண்டின்மேல் போட்டு, பின்பக்கமிருந்து ஊசியால் அழுத்தினால் முன்பக்கம் குமிழ் எழும்பும். முனையின் பரப்பு மிகச் சிறியது என்பதால் விரலின் சிறு விசையே அங்கே பெரிய அழுத்தமாகிறது. அடியில் ரப்பருக்குப் பதில் கண்ணாடி இருந்தால் தகடு இறங்க இடமில்லை, குமிழ் எழாது. பஞ்சு இருந்தால் தகடே குழிந்துவிடும். இடைவெளிக்குக் கிராப் தாளைத் தகட்டின்மேல் ஒட்டிக்கொண்டு மில்லிமீட்டர் கோடுகளில் குத்துங்கள். இரண்டு ஊசிகளைச் சேர்த்துக் கட்டி, ஒன்றைப் பழைய குழியில் வைத்து மற்றதால் அடுத்த குழி போடுகிறவர்களும் உண்டு. பத்துக் குமிழுக்கு அது சரி. நீள வரிசைக்கு எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒவ்வொரு அடியிலும் 0.05 மி.மீ. தவறினால் இருபது அடியில் குமிழ் 1 மி.மீ. தள்ளிப் போயிருக்கும்.

ஜல்லிக்கு எம்-சாண்டைச் சலித்துக்கொள்ளலாம். டீ வடிகட்டியில் இறங்குவதில் தூசியைக் கழுவி எடுத்தால் போதும். சிலிப்பர் கட்டையின் பாதி உயரம் ஜல்லிக்குள் மறைந்துவிடும். நம் தீக்குச்சி நிஜக் கட்டையைவிடக் கொஞ்சம் தடிமன் என்பது வெளியே தெரியாது.

கட்டைகளை ஒட்டுவதற்கு இன்னொரு ஊசி வேண்டும். இதற்கு முனையல்ல, காதுதான் வேலை செய்யும். கூர்முனையைக் காகிதச் சுருளுக்குள் பத்திரமாக மறைத்துவிட்டு, காதைத் தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் தொட்டு எடுங்கள். பரப்பு இழுவிசை பசையைக் காதுக்குள் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய ஒரே அளவுதான் வரும். கட்டையில் தொட்டதும் மரத்தின் நுண்துளைகள் பசையை உறிஞ்சிக்கொள்ளும். காதில் பசை நிற்காமல் வழிந்தால் ஊசியில் எண்ணெய் இருக்கலாம். சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டுத் திரும்பத் தொட்டுப் பாருங்கள்.